சுனந்தாவின் ராத்திரிச் சாப்பாடு

8-7-86 செவ்வாய்

இன்றும் சாதிச் சான்றிதழ் வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் கேம்ப் போயிருக்கிறாராம். காலையில் போன மகன் அனந்தராஜன் வெயில் தாழ்ந்து வந்து, “நாளைக்கு வரச் சொன்னாங்கம்மா” என்றான். இதையே முந்தாநாளும் சொன்னான். ஆபீசில் நாலு வார்த்தை உரக்கக் கேட்கத் தெரியாத பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறேன். இங்கே மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்க ஆள் வந்து நிற்கிறது. இவன் அங்கே போய் மரத்தடியில் நிற்கிறான்.

பேத்தி சுனந்தாவுக்கு மதராசில் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கத்துச் சமண வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காதது. நான் அஞ்சாவதோடு நிறுத்தப்பட்டவள். இவளை எந்த ஆபீஸ் நிறுத்துகிறதென்று பார்த்துவிடுகிறேன்.

11-7-86 வெள்ளி

காலேஜ் காகிதத்தை சுனந்தா படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். டி.சி., நன்னடத்தைச் சான்று, மார்க் லிஸ்ட் நகல், போட்டோ, டாக்டர் சர்ட்டிபிகேட், படம் வரைகிற பலகை, காக்கிக் கோட்டு. கடைசியில் தோல் பூட்ஸ்.

“தோலா? நம்ம வீட்டுப் பொண்ணு காலுலயா?”

“ஒர்க்‌ஷாப்ல இரும்பு விழுந்தா விரல் போயிடும் ஆயா.”

“அப்ப இரும்பைக் கெட்டியாப் புடிச்சிக்கோ.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுப்புரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, கெட்டி ரப்பரில் ஒரு ஜோடி பிடித்தோம். “பாட்டிம்மா, இது சிமெண்டு கலக்குறவங்க போடுறது” என்றான் கடைக்காரன். இருக்கட்டுமே. ஒரு உயிரை உரித்துச் செய்ததல்ல.

15-7-86 செவ்வாய்

சான்றிதழ் வந்தது. நானும் கூடப் போனேன். உரக்கக் கேட்டேன்.

19-7-86 சனி

அட்மிஷன் முடிந்தது. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். எரிச்சல்தான் வருகிறது.

கூட்டேரிப்பட்டில் விடிகாலை பஸ் ஏறினோம். காலேஜில் ஒரு வரிசை முடிந்தால் இன்னொரு வரிசை. சர்ட்டிபிகேட் காட்ட ஒன்று, பணம் கட்ட ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று. ஹாஸ்டல் ஆபீசில் வீட்டுப் பெரியவர் கையெழுத்துக் கேட்டார்கள். நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். குமாஸ்தா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். அதைத் திருப்பித் தள்ளிவிட்டு என் முழுப் பெயரையும் எழுதினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் வார்டன் அம்மாவிடம் கேட்டேன், ராத்திரிச் சாப்பாடு எப்போது என்று.

“ஏழரைக்கு.”

“எங்க வீட்டுல பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோங்க. இவளுக்கு அஞ்சரைக்குக் குடுத்துடுங்க.”

“இங்க நானூறு பொண்ணுங்க பாட்டி. ஒருத்திக்கு மட்டும் எப்படித் தனியா ஆக்குறது?”

எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அந்தம்மாள் மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் இறங்கி வரவில்லை. “அப்ப எங்களுக்கு ஹாஸ்டலே வேணாம்” என்றேன். போட்ட கையெழுத்தை நானே அடிக்கச் சொன்னேன். சுனந்தா என் முந்தானையை இழுத்து, “ஆயா, நான் மத்தியானமே நல்லா சாப்ட்டுக்கிறேன்” என்றாள். அனந்தராஜன் வழக்கம்போல் சுவரைப் பார்த்தான்.

மாம்பலத்தில் என் தம்பி மகன் வீடு இருக்கிறது. அவன் பெண்டாட்டி பத்மினி அனுஷ்டானத்தில் என்னையே மிஞ்சுவாள். துணியில் வடிகட்டாத தண்ணீரைத் தொடமாட்டாள். சுனந்தாவை அங்கே விட்டோம். படியிறங்கும்போது பத்மினியிடம் சொன்னேன்: “பொழுது சாஞ்சி எதுவும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத. என் பேத்தி அதுல சரியா இருக்கணும்.”

“இதை நீங்க சொல்லணுமா அத்தை?” என்றாள்.

3-8-86 ஞாயிறு

சுனந்தா எழுதியிருக்கிறாள். வகுப்பு விட்டதும் ஓடி, ரெண்டு பஸ் மாறி, சூரியன் இருக்கும்போதே வந்து சாப்பிட்டுவிடுகிறாளாம். மேல்சித்தாமூர் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. நன்றாகச் சுருங்கட்டும்.

ரப்பர் பூட்ஸைப் பார்த்து ஒர்க்‌ஷாப் வாத்தியார், “வெளியில மழை வருதா?” என்று கேட்டாராம்.

24-8-86 ஞாயிறு

கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப் இப்போதெல்லாம் சாயங்காலம்தான் என்று மட்டும் இருக்கிறது. மருமகள் ராஜமதி, “எளைச்சிருப்பாளோ அத்தை?” என்றாள். “படிக்கிற புள்ள எளைக்கத்தான் செய்யும்” என்றேன். அதற்குப் பிறகு பாத்திரமெல்லாம் ஓசையாக விழுந்தன. என் மேல் உள்ள கோபத்தைச் சொம்பின் மேல் காட்டுவது அவள் வழக்கம்.

12-9-86 வெள்ளி, மாம்பலம்

வந்திருக்கக் கூடாது. இல்லை, முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

கேப்பை மாவும் வறுத்த மல்லாட்டைப் பருப்பும் கட்டிக்கொண்டு வந்தேன். பத்மினி ஐந்தரைக்கு இலை போட்டாள். “சுனந்தா வந்துடட்டுமே” என்றேன். “அவ வர்றதுக்குள்ள இருட்டிடும் அத்தை” என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாப்பிட்டேன். பத்மினி சமையல்கட்டைக் கழுவி, அடுப்பைத் துடைத்து, கதவைச் சாத்தினாள். தெருவிளக்கு எரிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுனந்தா வந்தாள். கால் கழுவினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளங்கையில் இரும்பை அரத்தால் ராவி ராவி வந்த கொப்புளம். சுவரோரம் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

“சாப்பிட்டியாடி?”

“மத்தியானம் சாப்ட்டேனே ஆயா.”

“ராத்திரிக்கு?”

புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள். நான் பத்மினியைப் பார்த்தேன்.

“என்னை ஏன் அத்தை பாக்கறீங்க? நேரத்தோட வந்தா நான் குடுக்க மாட்டேனா? நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க, அழுதாலும் குடுக்காதன்னு. அவ அழக்கூட இல்ல.”

அவ அழக்கூட இல்ல.

என்னத்த எழுதுறது. புள்ள பசியோட படுத்துக்கினு இருந்திருக்குது, நான் கோயில்ல பெருமை பேசிக்கினு இருந்திருக்கேன். அங்க ஹாஸ்டல்ல ஏழரைக்காவது சோறு இருந்துது. நான்தான் வேணாம்னேன். ஆடி மாசத்துப் பொழுது ஆவணிக் கடைசி வரைக்கும் அப்படியே நிக்குமா? வயசுல பாதி வயக்காட்டுல நின்னவளுக்கு இதுகூடவா தெரியாது? ஐப்பசி வந்தா இன்னும் சீக்கிரம் இருட்டுமே, அப்ப என்ன பண்ணுவா?

15-9-86 திங்கள்

ஹாஸ்டல் ஆபீசில் அதே குமாஸ்தா. “வேணாம்னு நீங்கதான சொன்னீங்க? அது வேற பொண்ணுக்குப் போயிடுச்சு.” யாராவது காலி பண்ணினால் பார்ப்பார்களாம். வார்டனைப் பார்க்க வெளிப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாளுக்கு என்னை நினைவிருந்தது.

“அஞ்சரைக்கெல்லாம் குடுக்க முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே பாட்டி.”

“நீங்க எப்பக் குடுக்கறீங்களோ அப்பக் குடுங்கம்மா. இவ எல்லாரோடயும் சாப்பிடுவா.”

சுனந்தா பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியில் வந்ததும், “உனக்காகத்தான் ஆயா ஓடி ஓடி வந்தேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

28-9-86 ஞாயிறு

காலேஜிலிருந்து ஒன்றும் வரவில்லை. எங்கள் தபால்காரர் சைக்கிளை மிதித்து நான் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டேதான் வருகிறார்.

நானே சொன்னாலும் இருட்டின பிறகு பத்மினி அடுப்பைத் தொடமாட்டாள். இடம் கிடைக்கும் வரைக்கும் சாயங்காலத்துக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கட்டித்தான் கொடுக்கிறாள். ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கக் கூடாதாம். பஸ்ஸில் நிற்கவே இடமில்லையாம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஊசிப்போயிருக்கிறதாம். போன வாரம் மிஷின் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு இந்தப் படிப்பே வேணாம்மா, வீட்டுக்கு வந்துடறேன்” என்று ராஜமதிக்கு எழுதியிருக்கிறாள். எனக்கு எழுதவில்லை.

10-10-86 வெள்ளி

கிடைத்துவிட்டது. ஒரு பெண் வேறு காலேஜுக்குப் போனதில் காலியான இடம்.

“நீயும் வாம்மா, பெரியவங்க கையெழுத்துப் போடணும்” என்றான் அனந்தராஜன். நீயே போடு என்று அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்த்துவிட்டு வந்தான். வரும்போது தோல் பூட்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தானாம். என்னிடம் சொல்லவில்லை. ராஜமதியிடம் சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

31-10-86 வெள்ளி

விடிந்தால் தீபாவளி. சுனந்தா மத்தியானமே வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ, பொழுது இறங்கியும் காணோம். அனந்தராஜன் சைக்கிளோடு கூட்டேரிப்பட்டில் நிற்கிறான். நாங்கள் வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டோம்.

ராஜமதி அடுப்பைக் கழுவத் தண்ணீர் மொண்டாள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து விளக்கு வைத்த பிறகு அந்த அடுப்பு எரிந்ததில்லை.

“இரு” என்றேன்.

“என்ன அத்தை?”

“வெறகு எடுத்து வை. அவ வந்ததும் சூடாப் போடணும்.”

சொம்போடு அப்படியே நின்றாள். “பூச்சி விழுமே அத்தை” என்றாள், மெதுவாக.

விழும்தான். அதற்காகத்தானே இத்தனை காலமும். உலையை மூடி வை, விளக்கை இலைக்கு எட்டத்தில் வை, பக்கத்தில் நான் விசிறியோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். நான் சாப்பிடப் போவதில்லை. அது வேறு.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கிறது. உலை கொதித்துவிட்டது. விசிறியை எங்கே வைத்தேன் என்று பார்க்க வேண்டும்.