பக்கிரி திரும்பி வராத அத்தியாயம்

எங்கே இருந்தாலும் என் அத்தாவாகவே இருக்கும் உங்களுக்கு,

நாலு நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் நடக்கணும் போலிருக்கிறது. மழை விட்டு உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்குச் சாக்கு கேட்டு வருகிறார்கள். சணல் கேட்டால் ஊசியை நீட்டுகிறேன், திட்டு வாங்குகிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவர், இந்தச் சாக்குக் கடையில் உட்கார்ந்தே பதினோரு புத்தகம் எழுதினீர்கள். எந்த வேலை சொன்னாலும் பறந்து போய் ஒளிந்துகொள்ளும் உங்கள் கதைகளின் உள்ளான் குருவி பக்கிரி, பள்ளிக்கூட நூலகங்களில் இன்றும் அட்டை கிழிந்துதான் கிடக்கிறான். பாண்டிச்சேரியிலிருந்து வேன் பிடித்து வந்த பிள்ளைகள், "எழுத்தாளர் எங்க இருக்காரு?" என்று உங்களிடமே கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா?

முடிவை மட்டும் நீங்கள் எழுத மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பிள்ளைகளைச் சாக்குக் கட்டு மேல் உட்கார வைத்து, பாதிக் கதையில் நிறுத்திவிடுவீர்கள். அவர்கள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். அதுதான் அச்சுக்குப் போகும்.

கடைசிப் புத்தகத்துக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. பதிப்பகத்துக்காரர் அவசரப்படுத்த, ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை நான் எழுதினேன். பிள்ளைகளைக் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். பக்கிரி கோபித்துக்கொண்டு பறந்து போகிறான். திரும்பி வரவேயில்லை.

படித்துக் காட்டினேன். கண்ணை மூடியே இருந்தீர்கள். பிறகு தண்ணீர் வேண்டுமென்றீர்கள். நான் படித்தது காதில் விழுந்ததா அத்தா, தூங்கிவிட்டீர்களா?

நீங்கள் போன பிறகு புத்தகம் உங்கள் பெயரிலேயே வந்தது. போன வாரம் அனுமந்தையிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடிதம் போட்டிருந்தாள். "பாய் தாத்தாவுக்கு எங்க மேல என்ன கோவம்? கடைசியா எங்களத் திட்டிட்டுப் போன மாதிரி இருக்குது."

இப்போது மறுபதிப்பு. திங்கட்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். பதிப்பகத்துக்காரரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். "அட விடும்மா. அவரு கடைசியா எழுதுனதுன்னுதான் வாங்குறாங்க. நீ எழுதுனன்னு போட்டா யாரு வாங்குவா?" என்றார். அம்மாவிடமும் சொன்னேன். "மௌத்தானவரப் பத்தி எதுக்குப் புதுசா பேச்சக் கிளப்புற? சும்மா இரு" என்றார்.

சும்மா இருக்க முடியவில்லை. நேற்று பஸ் ஏறி அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கே போனேன். டீச்சர் என்னை வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டார். "அந்தக் கடைசி அத்தியாயத்த எழுதுனது அத்தா இல்ல, நான்" என்று மட்டும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, "அதான பாத்தேன். பக்கிரி சோம்பேறியாச்சே, அவனாவது கோவப்படறதாவது" என்றாள். வகுப்பே சிரித்தது.

கடிதம் எழுதியவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப தாத்தாவுக்குக் கோவம் இல்லையாக்கா?"

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்ப நீங்க ஏன்க்கா அவ்ளோ கோவமா எழுதுனீங்க?"

பஸ்ஸில் திரும்பும்போதுதான் பதில் தெரிந்தது. கோபம் உங்கள் மேல் அத்தா. மருந்தெல்லாம் கொடுத்தும் எங்களை விட்டுப் போய்க்கொண்டே இருந்தீர்களே, அதற்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே என் பெயர் இல்லாமல் திங்கட்கிழமை கையெழுத்துப் போட மாட்டேன். பதிப்பகத்துக்காரர் அச்சடிக்க மாட்டேன் என்றாலும் சரி. முடிவை மாற்றி எழுதவும் எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அந்தக் கோபம் என்னுடையதாகவே இருக்கட்டும். உங்கள் பெயரில் ஒரு நாளும் இருக்க விட மாட்டேன்.

உங்களோடு இன்னும் சமாதானமாகாத இளைய மகள்,
நஸ்ரின்