வெள்ளைப் பாறைகளும் ஒரு மணி நேரமும்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நடுக்கடல் எண்ணெய் மேடையில் என் சமையலை எல்லோரும் வழித்துச் சாப்பிடுகிறார்கள். நேற்றுப் புயலில் சூப் பானை கவிழ்ந்தது. என் காலணிக்கு மட்டும்தான் சேதம்.

ஏப்ரல் விடுமுறையில் நாம் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறையடியில், கடலோரமாக நடக்கிறோம். உதவியாள் டங்கன், "லீவுல போயி சுண்ணாம்புச் சுவரையா பாப்பாங்க?" என்றான். "எங்கப்பாவோட போறேன், நீ கிழங்க உரி" என்றேன்.

கடல் ஏறும் நேரத்தை நானே பார்க்கிறேன். மார்ச் கடைசியில் ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தாலும் அலை அட்டவணை குளிர்கால நேரத்திலேயே இருக்கும், ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். போன வருடம் நீங்கள் மறந்து மூவரும் இடுப்புவரை நனைந்தோம். அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

கம்பளிக் காலுறை எடுத்து வையுங்கள். தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். நம் வீட்டுச் சமையலறைக் கடிகாரமும் இன்னும் குளிர்கால நேரத்திலேயே ஓடுகிறதாமே, அத்தை சொன்னார். அம்மா இருந்தவரை வருடாவருடம் அவள்தானே திருப்புவாள். ஓடட்டும் அப்பா. வந்ததும் சேர்ந்து திருப்புவோம்.

ஹேசல்