இடது கண் துடித்த லொறிக்காரருக்கு

இன்று காலை ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தேன். என் இடது கண்ணிமை படபடவென்று துடித்தது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு உங்கள் இடது கண்தான் ஞாபகம் வந்தது. தனியாகச் சிரித்தேன்.

மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தேநீர்த் தட்டை நீட்டியபோது நீங்கள் கண்ணடித்தீர்கள். பெரியவர்கள் நடுவில் இத்தனை துணிச்சலா! அதற்காகவே சரி என்றேன். கல்யாணமாகி மூன்றாம் நாள் அதைச் சொன்னபோது திருதிருவென்று விழித்தீர்கள்.

"நான் எங்க புள்ள கண்ணடிச்சேன்? அது தானா துடிக்குது."

அடுத்த வருடம் அது முற்றியது. தம்புள்ளை ரோட்டில் லொறி ஓட்டும்போது, மூடிய இமை திறக்க மறுத்தது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். கண் குணமானால் வா, இல்லாவிட்டால் வேறு டிரைவரைப் போடுகிறேன் என்றார். லொறி இல்லாமல் நீங்கள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக அலைந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கண்டியில் சீன ஊசி வைத்தியம் படித்த டொக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு உங்களை இழுத்துப் போனேன். கண்ணில் கோளாறில்லை, நரம்புதான் இழுக்கிறது. குணமாகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், முயன்று பார்க்கலாம் என்றார் அவர். முடி போன்ற மெல்லிய ஊசியைப் பெருவிரல் பக்கம் குத்தியதும் உங்களுக்குக் கோபம்.

"கண்ணுல வருத்தம்னு வந்தா, கையில குத்துறாங்களே."

மலை வளைவில் ஒற்றைக் கையால் லொறியைத் திருப்புகிற மனுஷன், என் சேலைத் தலைப்பை விடவே இல்லை.

ஆறு வியாழக்கிழமை போனோம். துடிப்பு நின்றது. ஊசியாலா, அந்த ஆறு வாரமும் வீட்டில் தூங்கிய தூக்கத்தாலா என்று கடைசிவரை சண்டை போட்டோம். நீங்கள் ஊசிக் கட்சி.

சாவி கைக்கு வந்த அன்று நான் மட்டும் உம்மென்று நின்றேன். ஏன் என்று கேட்டீர்கள்.

"இனி அந்தக் கண்ணு துடிக்கவே துடிக்காதா?" என்றேன்.

நீங்கள் லொறியில் ஏறி, ஹோர்ன் அடித்து, என்னைப் பார்த்து வலது கண்ணைச் சிமிட்டினீர்கள். துடித்தது இடது கண். இது நீங்களாகவே அடித்தது. வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டேன்.

அதன்பிறகு லொறி கிளம்பிய காலைகளில் எல்லாம் அது எனக்குக் கிடைத்தது. திருப்பித் தரத்தான் எனக்கு வரவே இல்லை. ஒரு கண்ணை மூடப்போனால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

இன்றுதான் ஒற்றைக் கண் அடித்தது. அது நிற்பதற்குள் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மாலை தொங்கும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்றேன். தானாகத் துடித்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.