மீராவுக்குக் கிடைத்த கைதட்டல்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் காது மிஷின் கெட்டுப்போனதாக அம்மா சொன்னாள்; அதனால்தான் எழுதுகிறேன். இருமல் நின்றதா?

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். மிக்ஸி புகார்களுக்குப் பதில் எழுத 'மீரா' என்ற ஏஐயை வாங்கி, எங்களில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த மீரா உளறித் தள்ளுகிறது. அதைக் கண்காணிக்க வைத்த மீதி நாலு பேரும்தான் அதன் பெயரில் பதில் எழுதுகிறோம். டைரக்டரிடம் உண்மையைச் சொல்ல மேனேஜருக்குப் பயம்.

போன வாரம் தாமலிலிருந்து ஒரு அம்மா, "மிக்ஸி புகைஞ்சிக்கினு இருக்குதும்மா" என்று எழுதினார். நம் ஊர்ப் பேச்சைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. "மொதல்ல ப்ளக்க புடுங்கிடுங்கம்மா, சட்னி அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுதிவிட்டேன்.

டைரக்டரும் தமிழர்தான். மீட்டிங்கில் அந்தப் பதிலைத் திரையில் போட்டு, "மீரா காஞ்சிபுரத் தமிழே கத்துக்கிச்சு! இனிமே அந்த நாலு பேர் எதுக்கு?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மனுஷியையும் மிஷினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத முட்டாளுக்கு அத்தனை பெரிய ஆபீஸ் ரூம்! அடுத்த மாதம் எங்களுக்கும் வேலை இல்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

காது மிஷினைச் சீக்கிரம் சரிபண்ணுங்கள், அப்பா. போனில் ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மீரா வந்த இந்த எட்டு மாதமாக இங்கே யாரும் கூப்பிடவில்லை.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. மீரா வேலைக்குப் போக வேண்டும்.

உங்கள் மகள்,
ஷாரோன்