அந்த நடிகரின் இடது கை

அப்பா,

இரண்டு நாளாக வீட்டில் மறுபடியும் உங்கள் தைல வாசனை. நீங்கள் போனபின் பீரோ மேல் ஒதுக்கி வைத்த குப்பியை அம்மா இறக்கித் திறந்து, மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். எல்லாம் நான் கூட்டிப்போன சினிமாவால் வந்த வினை.

பக்கவாதம் வந்த தகப்பன், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள், இதுதான் கதை. படம் மகா மட்டம். வேண்டாத இடத்தில் பாட்டு, அழவைத்தே தீருவேன் என்று ஒரு வயலின். ஆனால் அந்த நடிகர்! யாரிடமாவது பேசுமுன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கே பார்த்தாரோ, அப்படியே நீங்கள். காலாப்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வாய் சும்மா இருக்குமா? விளங்காத அந்தக் கையிடம் "தள்ளி உக்காருப்பா" என்பீர்கள். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஒரு காட்சியில் அவர் கை நாற்காலியிலிருந்து நழுவித் தொங்கியது. உங்கள் இடப்பக்கமே உட்கார்ந்து பழகிய அம்மா, இருட்டில் என் இடது கையை எடுத்து என் மடியில் வைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம், படுபாவிகள். மகள் தைலம் தேய்த்துத் தேய்த்தே கடைசியில் அவர் எழுந்து நடந்துவிடுகிறார். தியேட்டரே கை தட்டியது. நெல்லித்தோப்பில் வீடு வந்து சேர்ந்ததும் வாசலில் நின்று அம்மா கேட்டாள்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் விடாம தேச்சிருந்தா ஒங்கப்பா எழுந்திருப்பாரு இல்ல?"

சினிமாக்காரன் புளுகு அது என்று கத்தினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். காதில் ஏறவில்லை. அவளுக்குச் சோறும் இறங்கவில்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். நீங்கள்தான் இல்லையே அப்பா, நான் என்ன செய்வேன்?

இன்று காலை அவளாகவே வந்தாள்.

"அந்தப் படத்துக்கு இன்னொரு தபா போலாம். அவரு எழுந்துக்கறதுக்கு முன்னாடி வந்துருவோம்."

போனோம். திரையில் மகள் தைலக் குப்பியைத் திறந்ததுமே அம்மா எழுந்துவிட்டாள். திரும்பும்போது ஆட்டோவில் என் இடது கையை எடுத்து என் மடியில் வைத்தாள். இந்த முறை தெரிந்தேதான் வைத்தாள். "தள்ளி உக்காருப்பா" என்றாள், மெதுவாக.

நான் விரலைக்கூட அசைக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கை மடியிலேயேதான் கிடக்கிறது, அப்பா.