பெகாய்மின் கம்பியும் என்னுடையதும்

பிப்ரவரி 20

நான் வேலை செய்யும் தையல்கூடத்துக்குப் பெகாய்ம் வந்தாள், தன் சந்தைக் கடைக்குச் சட்டைகள் எடுக்க. கையில் தடி இல்லை.

போன வருடம் பிஷ்கேக் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவரும் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டவர்கள். டாக்டர் ஒருவரே, உள்ளே வைத்த கம்பியும் ஒரே கம்பெனி. இரண்டும் எலும்புக்குள்ளேயே முறிந்தன. திரும்ப வெட்டி எடுத்தார்கள். அவள் கால் கூடிவிட்டது. என் கால் கோணல், மடங்காது.

"கேஸ் போட்டிருக்கேன் தங்கச்சி. நீயும் வக்கீலைப் பாரேன்."

தங்கச்சியாம்.

பிப்ரவரி 26

பெகாய்மின் வக்கீல் தினாராவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி மேலும் கேஸ் போடலாம், கம்பியை இறக்குமதி செய்தவன் மேலும் போடலாம். ஆனால் எடுத்த கம்பி கையில் வேண்டும். அதில் பொறித்த எண்தான் ஆதாரம். இல்லையென்றால், அவசரப்பட்டு ஊன்றி நடந்தாள், முறிந்தது என்று கழன்றுகொள்வார்கள்.

பெகாய்மின் கணவன் அன்றே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். எனக்கு அப்படிப் பத்திரப்படுத்த யார்? அம்மா என் கம்பியை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவின் கல்லறைக் காலடியில் புதைத்துவிட்டாள். உடம்பில் இருந்தது மண்ணுக்குப் போக வேண்டுமாம்.

தோண்டலாமா என்று கேட்டேன்.

"உங்கப்பா தூங்குற இடம்டி அது."

மார்ச் 4

வக்கீல் பெகாய்மின் போனை உடனே எடுக்கிறாள். என் போன் அடித்து ஓய்கிறது.

மார்ச் 21

நூரூஸ், வசந்தப் புத்தாண்டு. சந்தையில் பெரிய அண்டாவில் முளைக்கோதுமைச் சுமலக் கூழ் கிண்டினார்கள். பெகாய்ம் ஆடினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்தேன். விழட்டும் — அப்படித்தான் நினைத்தேன்.

ஏன் இவள் மேல்? மட்டமான கம்பியை விற்றவன் எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவன் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரிந்தவள் இவள்தான்.

ஏப்ரல் 11

பெகாய்ம் போன் செய்தாள். சோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் குழு அவள் கம்பியை வாங்கிப்போனது. இப்போது காணவில்லை என்கிறார்கள். திருட்டுப் பயல்கள். நம்பிக் கொடுத்திருக்கிறாள். எண்ணைப் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

"ஐயோ" என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு இறைச்சிச் சம்சா தின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசி.

ஏப்ரல் 13

வக்கீல் தானாகக் கூப்பிட்டாள். முதல் தடவை.

ஏப்ரல் 19

ஊர். கல்லறைத் தோட்டம். இரண்டு நாள் கெஞ்சலுக்குப் பிறகு அம்மா வந்தாள். என்னால் குந்த முடியாதே. அதைப் பார்த்துத்தான் இறங்கி வந்தாளோ? கொத்துக்கரண்டியை வாங்கி அவளே தோண்டினாள்.

"கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க. உங்க மகளால முடியல, நீங்களாவது மடக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகை.

கழுவினேன். இரண்டு துண்டு. எண் தெளிவாக இருக்கிறது.

மே 6

நீதிமன்றத் தாழ்வாரம். தினாரா என் கம்பியை மேசையில் வைத்தாள். பெகாய்ம் தங்கச்சி என்றுகூடச் சொல்லவில்லை. கம்பியையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக என் முகத்தில் இருந்தது.

இரண்டு வழக்கையும் சேர்த்தால் இந்தக் கம்பி அவளுக்கும் சாட்சியாகும், ஆனால் என் சம்மதம் வேண்டும் என்றாள் தினாரா.

சரி என்றேன். கொஞ்ச நேரம் காக்க வைத்த பிறகு.