வேலியோரம் நின்ற மான்கள்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை நிறுத்திவிடாதே.

இந்த மலைமேட்டில் பனிப்பொழிவு முந்திக்கொண்டது. ஆடுமாடுகள் நுழையாமல் மான்களின் மேய்ச்சலைக் காக்க நாங்கள் போட்ட கம்பிவேலி, பனிக்குத் தப்பிக் கீழே இறங்கிய மான்களையே மறித்துவிட்டது. வெட்டவெளியிலேயே ஓடிப் பழகிய இந்த மேட்டு மான்களுக்கு வேலி தாண்டத் தெரியவில்லை. கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. வேலிக்கு நான்தான் பொறுப்பு. அதிகாரியை வயர்லெஸ்ஸில் கேட்டேன்.

"மேல இருந்து உத்தரவு வரட்டும், கை வைக்காதீங்க" என்றார். காத்திருந்தேன். என் சுபாவம் உனக்குத் தெரியுமே.

"ஐயா, நின்னபடியே சாகுதுங்க. உத்தரவு வந்தா யாருக்குப் படிச்சுக் காட்டப்போறீங்க?" என்றார் ஜீப் ஓட்டுநர்.

குறடு எடுத்துக் கம்பியை நானே வெட்டினேன். விறைத்துப்போனவற்றை இழுத்துப் போட்டுத்தான் வழிவிட முடிந்தது. பாதிக்கு மேல் செத்துவிட்டன. மிச்சமிருந்தவை, வழி திறந்த பிறகும் நெடுநேரம் தயங்கின. கடைசியில் ஒரு குட்டி நடந்தது, மற்றவை பின்னால் போயின.

கையில் சின்னக் கீறல்தான், பயப்படாதே. தடிமனாக ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. பெரியவளை இரண்டு வரி எழுதச் சொல்.

தபால் கொண்டுபோகும் ஜீப் ஹாரன் அடிக்கிறது. வேலியை வெட்டியதற்கு விசாரணை உண்டாம். வேலை போனால் சொல்லாமல் வந்து நிற்பேன். கதவைத் தட்டவும் தயங்குவேன்; தாழ்ப்பாள் போடாமல் வை.